இரும்பு அசையவில்லை, சிலிக்கா மட்டும் ஏன் குறைகிறது?

கேள்வி: கடலோர நகரம் ஒன்றிலுள்ள பல்கலைக்கழகத்தின் எலெக்ட்ரான் மைக்ரோபுரோப் (எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, எழும் எக்ஸ்-கதிர்களை எண்ணிக் கனிமத்தின் கலவையை அளக்கும் கருவி) ஆய்வகத்தில் தொழில்நுட்ப அலுவலராகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. எங்கள் கருவியில் நான்கு ஸ்பெக்ட்ரோமீட்டர்கள். மூன்றில் பி-10 என்ற ஆர்கான்-மீத்தேன் வாயு ஓடும் டிடெக்டர். எக்ஸ்-கதிரை அலைநீளப்படி பிரிக்க லிஃப் (லித்தியம் ஃபுளோரைடு) படிகம் உள்ள நான்காவதில் சீல் செய்த செனான் டிடெக்டர். காலை 10 மணிக்குக் கலவை தெரிந்த ஸ்டாண்டர்டுகளை எடுத்துவிட்டு, இரவு முழுக்கத் தானாக ஓடவிடுகிறோம். இடையிடையே சோதனைக்கு வைக்கும் கார்னெட் கனிமத்தில் எல்லா ஆக்சைடுகளின் கூட்டுத்தொகை மாலை வரை 100 விழுக்காடு இருக்கிறது. விடியற்காலையில் 98க்கு வந்துவிடுகிறது. சிலிக்கா, அலுமினா, மெக்னீசியா மூன்றும் குறைகின்றன, இரும்பு மட்டும் அப்படியே நிற்கிறது. எல்லாத் தனிமத்துக்கும், 2.5 முதல் 5.5 வோல்ட் வரை உயரமுள்ள பல்ஸ்களை மட்டும் ஏற்கும் விண்டோ வைத்து, டிஃபரன்ஷியல் முறையில்தான் எண்ணுகிறோம். அதுதான் சுத்தமான முறை என்று எனக்கு முன் இருந்தவர் சொல்லிப் போனார். பயஸ் (டிடெக்டர் கம்பிக்குக் கொடுக்கும் மின்னழுத்தம்) அளவுகளைப் பெங்களூரு நண்பரிடம் வாங்கிப் போட்டேன். இரவு 7 மணிக்கு ஏ.சி.யை நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று, ஐந்து ஸ்பெக்ட்ரோமீட்டர் கொண்ட புதிய கருவிக்கு டெண்டர் எழுத வேண்டும். எல்லாவற்றிலும் செனான் போட்டால் பராமரிப்பே கிடையாது என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. மதுரைப் பகுதி மோனசைட்டில் யுரேனியம், தோரியம், ஈயம் அளந்து வயது கணிப்பதும் சித்தம்பூண்டி குரோமைட்டும்தான் எங்கள் முக்கிய வேலை. எந்த டிடெக்டரைத் தேர்ந்தெடுப்பது? இதுவரை இரவில் எடுத்த தரவுகளைத் தூக்கிப்போட வேண்டுமா?

பதில்: இரும்பு மட்டும் அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நோயின் பாதி அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. கற்றையின் மின்னோட்டம் இரவில் குறைந்திருந்தால் எல்லாத் தனிமங்களும் சேர்ந்தே இறங்கியிருக்கும். மாதிரியின் உயரம் மாறி ஃபோகஸ் விலகியிருந்தாலும் இரும்பு தப்பியிருக்காது. இறங்கிய மூன்றும் வாயு ஓடும் டிடெக்டரில் எண்ணப்பட்டவை. இறங்காதது சீல் செய்த செனானில் எண்ணப்பட்டது. ஆகவே கற்றையை விட்டுவிட்டு வாயுவைப் பார்ப்போம்.

சிலிக்கானின் முக்கிய எக்ஸ்-கதிரான கே-ஆல்ஃபா போட்டானுக்கு ஆற்றல் 1.74 கே.இ.வி. (கிலோ எலெக்ட்ரான் வோல்ட்). அது ஆர்கானில் உறிஞ்சப்படும்போது, ஒவ்வொரு அயனி இணைக்கும் சுமார் 26 எலெக்ட்ரான் வோல்ட் செலவாகிறது. அதாவது ஒரு போட்டானுக்கு ஏறத்தாழ 67 எலெக்ட்ரான்கள். இவ்வளவு சிறிய மின்னூட்டத்தை எந்த எலெக்ட்ரானிக்ஸும் நேராக எண்ண முடியாது. இந்த எலெக்ட்ரான்கள் நடுக்கம்பியை நெருங்கும்போது அங்குள்ள கடுமையான மின்புலத்தில் வேகமெடுத்து, வாயு அணுக்களில் மோதிப் புதிய எலெக்ட்ரான்களை உதிர்த்து, பல்லாயிரம் மடங்காகப் பெருகுகின்றன. இந்தப் பெருக்கம்தான் கெயின். ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே எலெக்ட்ரான் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு ஆற்றல் சேர்க்கும். வாயு அடர்ந்தால் ஓட இடம் குறையும், கெயினும் குறையும். வாயு தளர்ந்தால் கெயின் ஏறும். இதில் பயப்பட வேண்டியது அதன் உணர்திறன்தான்: அடர்த்தி 1 விழுக்காடு மாறினால் கெயின் 5 முதல் 8 விழுக்காடு வரை எதிர்த்திசையில் மாறும்.

இப்போது உங்கள் ஆய்வகத்துக்கு வருவோம். ஏ.சி. நின்றதும் அறை 23 டிகிரியிலிருந்து மெல்ல 29க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெல்வினில் 300க்கு 6, அதாவது 2 விழுக்காடு. டிடெக்டரில் ஓடும் வாயு வளிமண்டலத்துக்குத் திறந்தே இருப்பதால் அழுத்தம் மாறாது, அடர்த்திதான் 2 விழுக்காடு குறையும். கெயின் 12 விழுக்காடு போல ஏறும். காலையில் 4 வோல்ட்டில் நின்ற சிலிக்கான் பீக், அதாவது அதன் பல்ஸ்களின் உயரம் குவியும் இடம், விடியற்காலையில் 4.5 வோல்ட்டில் நிற்கும். 67 எலெக்ட்ரான் என்பது சராசரிதானே, ஒவ்வொரு போட்டானுக்கும் கொஞ்சம் கூடும், குறையும். அதனால் அந்த பீக் ஊசிபோல் இருக்காது. பாதி உயரத்தில் அதன் அகலம் 1 வோல்ட்டைத் தாண்டும். 4.5இல் நிற்கும் இவ்வளவு அகலமான பீக்கின் வலப்பக்கத் தோள் உங்கள் 5.5 வோல்ட் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. வெளியே போவது ஏறத்தாழ 3 விழுக்காடு. அல்மண்டின்-பைரோப் கார்னெட்டில் சிலிக்காவும் அலுமினாவும் மெக்னீசியாவும் சேர்ந்து 70 விழுக்காடு போல வரும். அதில் 3 விழுக்காடு போனால் 2. உங்கள் 98 அங்கிருந்து வந்ததுதான்.

செனான் ஏன் அசையவில்லை? சீல் செய்த குழாயில் அணுக்களின் எண்ணிக்கையும் மாறாது, கொள்ளளவும் மாறாது. அறை சூடானால் உள்ளே அழுத்தம் ஏறும், ஆனால் அடர்த்தி அப்படியே இருக்கும். கெயினைத் தீர்மானிப்பது அடர்த்தி என்பதால் அதற்கு உங்கள் ஏ.சி. நின்றது தெரியவே தெரியாது.

ஏ.சி.யை இரவிலும் ஓடவிடச் சொல்லுங்கள் என்பது முதல் பதில். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிடெக்டருக்காக மட்டும் சொல்லவில்லை. பி.இ.டி. படிகம் வெப்பத்தில் நன்றாக விரியும் இனம். அறை 6 டிகிரி ஏறினால் அது கதிரைப் பிரதிபலிக்கும் கோணமே நகர்ந்துவிடும். அதைப் பார்த்து டிடெக்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

ஆனால் ஏ.சி.யோடு விஷயம் முடியவில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்தை யாராலும் நிறுத்திவைக்க முடியாது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் அதுவே 1 விழுக்காடு. வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் நம் அட்சரேகையில் பாரோமீட்டர் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சம், பின்மதியம் 4 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் தாழ்வு. வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் போல இருக்கும். கெயினில் அது 2 விழுக்காடு. நீங்கள் ஸ்டாண்டர்ட் எடுப்பது சரியாக அழுத்தம் உச்சத்தில் இருக்கும் காலை 10 மணிக்கு. அப்போது கெயின் அன்றைய தாழ்வில் இருக்கும். அதற்குப் பிறகு பின்மதியம் 4 மணி வரை அது ஏறத்தான் செய்யும்.

1951இல் ரேமோன் காஸ்டேங் பாரிஸில் தன் முனைவர் பட்ட ஆய்வில் இந்த முறைக்கு அடித்தளமிட்ட நாளிலிருந்து எல்லாமே ஒப்பீட்டில்தான் நிற்கிறது: மாதிரியின் கவுண்ட்டை ஸ்டாண்டர்டின் கவுண்ட்டால் வகுக்கிறோம், அதுதான் கே-விகிதம். இரண்டையும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு கவுண்ட் வேகத்தில் எடுக்கிறோம். ஆகவே நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான ஒன்று இதுதான். கெயின் ஆடாமல் இருக்கப் போராடிக்கொண்டே இருக்காதீர்கள். அது கொஞ்சம் ஆடினாலும் கவுண்ட் மாறாத இடத்தில் டிடெக்டரை உட்காரவையுங்கள். அந்த இடத்துக்குப் பெயர் இன்டெக்ரல் முறை. கீழே பேஸ்லைன் என்ற கீழ் எல்லை மட்டும், மேலே எல்லையே இல்லை.

எப்படி அமைப்பது? எந்த ஸ்டாண்டர்டில் மிக அதிகக் கவுண்ட் வருமோ அதை, நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் மின்னோட்டத்திலேயே வைத்து, பல்ஸ் உயர ஸ்கேன் எடுங்கள். இது முக்கியம், ஏனென்றால் கவுண்ட் வேகம் கூடும்போது பீக் தானாகவே இடப்பக்கம் நகரும். ஒவ்வொரு பெருக்கமும் கம்பியைச் சுற்றி நேர்மின் அயனிகளை விட்டுச்செல்கிறது. அவை கனமானவை, சுவரை அடைய நேரமெடுக்கும். அடுத்த போட்டான் வரும்போது அந்த அயனி மேகம் இன்னும் அங்கேயே இருந்தால் மின்புலம் தளர்ந்து கெயின் குறையும். குறைந்த வேகத்தில் நடுவில் நின்ற பீக், சுத்தமான சிலிக்கானிலோ இரும்பிலோ நொடிக்கு 50,000 கவுண்ட் வரும்போது கீழே சரிந்திருக்கும். குறுகிய விண்டோ வைத்திருந்தால் ஸ்டாண்டர்டின் கவுண்ட் குறையும், கே-விகிதம் கூடும், மாதிரியின் அளவு உண்மைக்கு மேல் போகும். மாதம் முழுக்கக் கூட்டுத்தொகை 102 வந்துகொண்டிருந்தால் பலர் கார்பன் பூச்சின் தடிமனைச் சந்தேகிப்பார்கள். முதலில் விண்டோவைத் திறந்து பார்ப்பது நல்லது.

சரி, அதிகபட்ச வேகத்தில் பீக்கை 0-10 வோல்ட் அளவுகோலில் 3.5, 4 வோல்ட் பக்கம் கொண்டுவாருங்கள். பேஸ்லைனை எலெக்ட்ரானிக்ஸ் இரைச்சலுக்குச் சற்று மேலே, 0.5 வோல்ட் போல வையுங்கள். இரைச்சல் எங்கே முடிகிறது என்பதைக் கற்றையை அடைத்துவிட்டு எண்ணிப் பார்த்தால் தெரியும். குறைந்த வேகத்தில் பீக் வலப்பக்கம் நகரும். மேல் எல்லை இல்லாததால் ஒன்றும் இழக்காது.

ஒரு இடத்தில் மட்டும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆர்கானின் கே-விளிம்பு 3.2 கே.இ.வி. அதற்கு மேல் ஆற்றலுள்ள போட்டான் ஆர்கானின் உள் எலெக்ட்ரானைத் தட்டிவிட்டு, அதனால் பிறக்கும் 2.96 கே.இ.வி. ஆர்கான் எக்ஸ்-கதிர் டிடெக்டரைவிட்டே ஓடிப்போய்விட்டால், மிச்ச ஆற்றல் மட்டும் சின்னப் பல்ஸாகப் பதிவாகும். இதுதான் எஸ்கேப் பீக். இரும்புக்கு மிச்சம் 3.44 கே.இ.வி., அதாவது பீக் 4 வோல்ட்டில் நின்றால் எஸ்கேப் 2.15 வோல்ட்டில். பேஸ்லைனுக்கு வெகு மேலே, தொல்லை இல்லை. டைட்டானியத்துக்கு 1.4 வோல்ட், அதுவும் பரவாயில்லை. கால்சியத்துக்கு 0.8 வோல்ட், கொஞ்சம் நெருக்கம். பொட்டாசியத்துக்கு 0.43 வோல்ட். உங்கள் பேஸ்லைன் சரியாக அந்தச் சின்னப் பீக்கின் நடுவில் ஓடும். கெயின் சற்று ஏறினால் அதன் ஒரு பங்கு உள்ளே வரும், இறங்கினால் வெளியே போகும். இன்டெக்ரல் முறையில் போட்டும் பொட்டாசியம் மட்டும் ஆடுகிறது என்று யாராவது சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான். பொட்டாசியத்துக்கு எஸ்கேப் முழுதும் பேஸ்லைனுக்குக் கீழேயே கிடக்குமாறு அமைக்கலாம். இல்லையென்றால் அதைச் செனானுக்கு மாற்றிவிடலாம். செனானின் எல்-விளிம்பு 4.78 கே.இ.வி.யில்தான் தொடங்குகிறது, ஆகவே பொட்டாசியத்துக்கும் கால்சியத்துக்கும் டைட்டானியத்துக்கும் அங்கே எஸ்கேப் பீக்கே கிடையாது.

அமைத்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள், இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட நம்புவேன். பயஸ் 1 விழுக்காடு மாறினால் கெயின் 10 முதல் 20 விழுக்காடு மாறும். 1,700 வோல்ட் பயஸில் 17 வோல்ட் ஏற்றுவதும் உங்கள் அறை 6 டிகிரி சூடாவதும் கெயினைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏ.சி. நின்ற இரவை இப்படிப் பகலிலேயே உண்டாக்கிப் பார்த்துவிடலாம். ஒரே புள்ளியில், ஒரு லட்சத்துக்கு மேல் கவுண்ட் சேரும்வரை எண்ணுங்கள். பயஸை 17 வோல்ட் ஏற்றி மறுபடி எண்ணுங்கள், பிறகு 17 வோல்ட் இறக்கி எண்ணுங்கள். ஒரு லட்சத்துக்குப் புள்ளியியல் பிழை 0.3 விழுக்காடு. மூன்று எண்ணிக்கையும் அந்த எல்லைக்குள் ஒத்துப்போனால் உங்கள் டிடெக்டர் மேடான இடத்தில் உட்கார்ந்துவிட்டது; இரவில் என்ன நடந்தாலும் சமாளிக்கும். ஒத்துப்போகவில்லை என்றால் பேஸ்லைன் எதையோ வெட்டுகிறது. ஒவ்வொரு ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் ஒவ்வொரு தனிமத்துக்கும் இதைச் செய்ய அரை நாள் போகும். போகட்டும்.

பெங்களூரு நண்பரின் அளவுகளை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். காற்றழுத்தம் உங்கள் ஊரைவிட 10 விழுக்காடு குறைவு. அங்கே சரியாக இருந்த பயஸ், உங்கள் கடலோர ஆய்வகத்தில் ஏறக்குறைய பாதிக் கெயினைத்தான் தரும். அதை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபையரை முறுக்கி 4 வோல்ட்டுக்குக் கொண்டுவந்திருப்பீர்கள், கூடவே இரைச்சலையும் பெருக்கியிருப்பீர்கள். பயஸ் என்பது டிடெக்டர், வாயு, ஊர் மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கும் எண். கடன் வாங்க முடியாது.

டிஃபரன்ஷியல் முறை தேவையே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. அது பிறந்த காரணம் உயர்வரிசைப் பிரதிபலிப்பு: ஒரு கதிர் தன் அலைநீளத்தின் முழு மடங்குகளுக்குரிய கோணங்களிலும் படிகத்திலிருந்து வரும். உங்கள் குரோமைட்டே நல்ல உதாரணம். குரோமியம் கே-பீட்டாவின் அலைநீளம் 2.085 ஆங்ஸ்ட்ராம், அதை நான்கால் பெருக்கினால் 8.34, அலுமினியம் கே-ஆல்ஃபாவின் அலைநீளமும் அதுவே. டி.ஏ.பி. படிகம் இரண்டையும் ஒரே கோணத்தில் அனுப்பும். படிகத்துக்கு வித்தியாசம் தெரியாது, டிடெக்டருக்குத் தெரியும், ஏனென்றால் ஆற்றல் நான்கு மடங்கு. சித்தம்பூண்டி குரோமைட்டில் அலுமினியம் ஏராளம், அதனால் இந்தத் திருட்டுக் கவுண்ட் அதன் முன்னால் சிறிதாகிவிடும். குரோமியம் மிகுந்து அலுமினியம் அரிதாக உள்ள மாதிரியில் அதே திருட்டு முடிவையே மாற்றிவிடும். அங்கேயும் நான் முதலில் விண்டோவைத் தொடமாட்டேன். அலுமினியமே இல்லாத குரோமியம் ஆக்சைடை வைத்து, அலுமினியம் இடத்தில் எவ்வளவு கவுண்ட் வருகிறது என்று அளந்து, குரோமியத்தின் அளவுக்கேற்பக் கழிப்பேன். பெரும்பாலான மென்பொருள்கள் இந்தத் திருத்தத்தைத் தாமே செய்யும். கழித்த பிறகும் போதவில்லை என்றால்தான் விண்டோ. அப்போதும் கீழ்ப்பக்கம் தாராளமாக விட்டு, மேல் எல்லையை மட்டும் பீக்கின் வலத்தோளைத் தாண்டி வைத்து, 17 வோல்ட் சோதனையை அந்த விண்டோவோடேயே செய்து பார்க்க வேண்டும்.

வாயுக் குழாய் பற்றிச் சில வார்த்தைகள். சிலிண்டர் வெளியே வெயிலில் இருப்பதைப் பற்றிப் பலர் கவலைப்படுவார்கள். முக்கியமானது டிடெக்டருக்குள் வாயு இருக்கும் வெப்பநிலையும் வெளியேறும் வாயில் உள்ள அழுத்தமும்தான். அறைக்குள் நுழைந்த பிறகு சில மீட்டர் செம்புக் குழாயில் சுற்றவிட்டால் வாயு அறையின் சூட்டுக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் குழாய் மட்டும் வேண்டாம். கடலோர ஈரத்தில் நீராவியும் ஆக்சிஜனும் அதன் சுவர் வழியே மெல்ல உள்ளே ஊறும். ஆக்சிஜன் எலெக்ட்ரானைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்போது பீக் தாழ்வதோடு அகலமும் ஆகும். பீக் நகர்ந்தது, அகலம் மாறவில்லை என்றால் அடர்த்தி மாற்றம். நகர்ந்து அகன்றும் போனால் வாயு அசுத்தம். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்தாலே பாதிப் பழுதை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பி-10 என்பது 90 விழுக்காடு ஆர்கான், 10 விழுக்காடு மீத்தேன். சிலிண்டருக்குச் சிலிண்டர் அந்தப் பத்து சற்று மாறும், கெயினும் கூடவே மாறும். ஆகவே சிலிண்டர் மாற்றிய அன்று இரவு முழுக்க வாயுவை ஓடவிட்டு, மறுநாள் எல்லா ஸ்பெக்ட்ரோமீட்டரிலும் பல்ஸ் ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். கடைசிச் சொட்டு வரை காலி செய்யாதீர்கள், அழுத்தம் இறங்க இறங்கச் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த ஈரம் வெளியே வரும். மீத்தேன் கலந்த வாயு என்பதால் வெளியேற்றக் குழாயைக் கட்டடத்துக்கு வெளியே விட வேண்டும். அந்தக் குழாயின் முனையில் ஒரு எண்ணெய்க் குமிழிப் புட்டி இருக்கட்டும். காற்று பின்னோக்கி வராது, வாயு ஓடுகிறதா என்றும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

டெட் டைம், அதாவது ஒரு பல்ஸை எண்ணும்போது அடுத்ததை எண்ண முடியாத சிறு நேரம், அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பயஸை மாற்றியதும் அதைத் திரும்ப அளக்க வேண்டும், சில கருவிகளில் பல்ஸ் உயரம் மாறினால் டெட் டைமும் மாறும். நொடிக்கு 50,000 கவுண்ட்டில் 0.2 மைக்ரோசெகண்ட் தவறு இருந்தால் முடிவில் 1 விழுக்காடு பிழை. சுத்தமான சிலிக்கானில் மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கவுண்ட்டை மின்னோட்டத்தால் வகுத்துப் பாருங்கள். திருத்தம் சரியாக இருந்தால் அந்த விகிதம் ஒரே மட்டமாக நிற்கும்.

இனி டெண்டர். எல்லாவற்றிலும் செனான் என்ற யோசனை உங்களுக்கு ஒத்துவராது. சீல் செய்த குழாய்க்கு பெரிலியம் ஜன்னல் வேண்டும். சோடியம், மெக்னீசியம், அலுமினியம் போன்றவற்றின் மென்மையான கதிர்களை அந்த ஜன்னலே பெருமளவு தின்றுவிடும். ஆக்சிஜன், ஃபுளோரினைப் பற்றிப் பேசவே வேண்டாம். டி.ஏ.பி. படிகமும் பல்லடுக்குச் செயற்கைப் படிகமும் உள்ள ஸ்பெக்ட்ரோமீட்டர்களில் மெல்லிய ஜன்னல் கொண்ட, வாயு ஓடும் டிடெக்டர்தான். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

மறுகோடியில் லிஃப். இரும்பின் கே-ஆல்ஃபா 2 செ.மீ. ஆழமுள்ள, ஒரு வளிமண்டல அழுத்தத்திலுள்ள பி-10 வாயுவைக் கடந்தால் பாதிதான் உறிஞ்சப்படும், மீதிப் பாதி எண்ணப்படாமலே போய்விடும். துத்தநாகத்துக்கு இன்னும் மோசம், கால்பங்குதான். அதே ஆழம் செனானில் இருந்தால் இரும்பின் கதிர் ஏறக்குறைய முழுவதும் பிடிபடும். ஆகவே லிஃப் உள்ள இடத்தில் செனான், அல்லது ஒரு வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தமேற்றிய பி-10. சந்தையின் இரண்டு பெரிய தயாரிப்பாளர்களில் ஜப்பானின் ஜியோல் செனானைத் தருகிறது, பிரான்ஸின் கமெக்கா அழுத்தமேற்றிய ஓட்ட டிடெக்டர் வழியில் போகிறது. இரண்டிலும் நல்ல வேலை நடக்கிறது, இந்த ஒரு காரணத்துக்காக எதையும் ஒதுக்க வேண்டாம்.

நடுவில் நிற்கிறது பி.இ.டி. மோனசைட்டுக்காரர்களான உங்களுக்கு அதுதான் உயிர்நாடி. யுரேனியத்தின் எம்-ஆல்ஃபா 3.91 ஆங்ஸ்ட்ராமில் இருக்கிறது, எம்-பீட்டா 3.716இல். தோரியம் எம்-பீட்டா 3.94இல் வந்து எம்-ஆல்ஃபாவின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவதால் எல்லாரும் யுரேனியம் எம்-பீட்டாவுக்குப் போகிறோம். ஆனால் இரண்டுக்கும் நடுவே, 3.87 ஆங்ஸ்ட்ராமில், ஆர்கானின் கே-விளிம்பு நிற்கிறது. அந்த விளிம்பைத் தாண்டும்போது ஆர்கானின் உறிஞ்சும் திறன் ஏறக்குறைய 9 மடங்கு தாவுகிறது. அதாவது உங்கள் டிடெக்டரின் திறனே அந்த இடத்தில் ஒரு படி ஏறுகிறது. மாதிரியில் எதுவும் இல்லாமலே பின்னணி மட்டம் அங்கே படிக்கட்டுபோல் உடைந்து தெரியும். யுரேனியம் எம்-பீட்டாவிலிருந்து கழிக்க இருபுறமும் அளக்கும் பின்னணிப் புள்ளிகளில் ஒன்றை 3.87க்கு அப்பால் வைத்துவிட்டால், இரண்டு வேறு மட்டங்களைக் கோடு போட்டு இணைத்ததாகிவிடும். பின்னணி உண்மையைவிடக் குறைவாகக் கணக்காகும், யுரேனியம் கூடுதலாக வரும், வயது இளமையாகும். புள்ளியை உள்ளே இழுத்தால் 3.742இல் பொட்டாசியம் கே-ஆல்ஃபா. பொட்டாசியம் ஃபெல்ஸ்பாருக்குள் பொதிந்த சின்ன மோனசைட் என்றால் அதுவும் எட்டிப் பார்க்கும். மறுபக்கம் 3.68இல் தோரியம் எம்-காமா. அதை யுரேனியம் இல்லாத தோரியம் ஸ்டாண்டர்டில் அளந்து கழித்தே ஆக வேண்டும். செனானில் இந்தப் படிக்கட்டு கிடையாது, பின்னணி வழுவழுப்பாகப் போகும். அழுத்தமேற்றிய பி-10இல் படியின் உயரம் குறையும், ஆனால் போகாது.

ஆகவே ஐந்தை நான் இப்படிப் பிரிப்பேன். டி.ஏ.பி.யும் பல்லடுக்குப் படிகமும் சேர்ந்த ஒன்று, டி.ஏ.பி. முதன்மையான இன்னொன்று, இரண்டிலும் மெல்லிய ஜன்னல் ஓட்ட டிடெக்டர். பெரிய பரப்புள்ள பி.இ.டி. இரண்டு, இரண்டிலும் செனான் அல்லது அழுத்தமேற்றிய வாயு. ஒன்று ஈயத்துக்கும் மற்றது யுரேனியம், தோரியத்துக்கும். ஐந்தாவது லிஃப், செனான். பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் பல்லடுக்குப் படிகத்தை விட்டுக்கொடுங்கள், இரண்டாவது பெரிய பி.இ.டி.யை விட்டுக்கொடுக்காதீர்கள். மோனசைட்டில் ஈயம் கொஞ்சம்தான், அதன் பிழைதான் வயதின் பிழையை ஆளுகிறது.

பராமரிப்பே இல்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம். செனான் டிடெக்டருக்குச் சிலிண்டர் வேண்டாம், வாயு வரும் குழாய் வேண்டாம், உண்மை. ஆனால் அது நாளாக நாளாக மூப்படையும்: வாயு மெல்லக் கசியும், உள்ளே அசுத்தம் சேரும். அதே பீக்கை அதே இடத்தில் நிறுத்தப் பயஸ் மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்தால், கூடவே பீக் அகன்றும் வந்தால், குழாயின் காலம் நெருங்குகிறது என்று பொருள். சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும், மலிவும் இல்லை. டெண்டரிலேயே உதிரிக் குழாயின் விலையையும் எத்தனை வாரத்தில் வந்துசேரும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நிறுவிக் கொடுக்கும் நாளில் ஒவ்வொரு டிடெக்டருக்கும் நொடிக்கு 5,000 கவுண்ட்டிலும் 50,000 கவுண்ட்டிலும் எடுத்த பல்ஸ் ஸ்கேன், பயஸ் மேட்டுச் சோதனை, அளந்த டெட் டைம் மூன்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேருங்கள். பின்னாளில் எது மாறியது என்று தேடும்போது ஒப்பிட ஏதாவது வேண்டுமே.

கடைசியாக, இதுவரை எடுத்த தரவுகள். கார்னெட்டை இடையிடையே வைத்தது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஒவ்வொரு கார்னெட் அளவீட்டுக்கும் நேரம் பதிவாகியிருக்கும். சிலிக்கா, அலுமினா, மெக்னீசியா மூன்றும் நேரத்தோடு எப்படி இறங்கின என்று தனித்தனியாக வரைந்து, சரிவு ஒழுங்காக இருந்தால் இரவு எடுத்த சிலிக்கேட்டுகளை அந்தந்த நேரத்துக்குத் திருத்திக்கொள்ளலாம். திருத்தியதை அட்டவணையில் குறிப்பிட்டுவிடுங்கள். இரும்பைத் தொட வேண்டாம். குரோமைட்டில் அலுமினாவுக்கும் மெக்னீசியாவுக்கும் இதே திருத்தம் பொருந்தும், ஏனென்றால் அவற்றையும் அதே டிடெக்டரில், அதே விண்டோவில் எடுத்திருக்கிறீர்கள்.

மோனசைட் வயதுகளை மட்டும் இப்படித் திருத்தப் பார்க்காதீர்கள். ஈயத்தின் கவுண்ட் 2 விழுக்காடு குறைந்தால், 55 கோடி ஆண்டு வயதுள்ள மணியில் ஒரு கோடி ஆண்டுக்கு மேல் பிசகும். கார்னெட்டில் ஈயமும் இல்லை, யுரேனியமும் இல்லை. அந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் எவ்வளவு ஆடியது என்று அதை வைத்துச் சொல்ல வழியில்லை. மாதிரிகள் கையில் இருக்கின்றன, புள்ளிகளின் இடமும் பதிவில் இருக்கும். டிடெக்டரைச் சரியாக உட்காரவைத்த பிறகு, வயது தெரிந்த ஒரு மோனசைட்டையும் இடையிடையே வைத்து, அந்த மணிகளைத் திரும்ப அளந்துவிடுங்கள்.